கம்ப்யூட்டர் முணுமுணுக்காது

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "ஏதாவது பேசுங்க சார். பசங்களுக்கு உபயோகமா இருக்கணும், பெரியவங்களுக்குத் தூக்கம் வரக்கூடாது" என்றார். "பெரிய மேட்ரிக்ஸ் மேல ஓடுற புள்ளிவிவர புரோகிராம் ஏன் மெதுவா ஓடுது, அதை எப்படி வேகமாக்கறது, அதைப் பத்திப் பேசறேன்" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம் மெதுவாக, "சாப்பாட்டுக்கு முன்னாடி வெச்சுக்கலாமா, பின்னாடி வெச்சுக்கலாமா சார்?" என்று கேட்டார். முன்னாடி என்றேன். ஏனென்றால் நான் சொல்லப்போகும் விஷயத்துக்கும் சாப்பாட்டுப் பந்திக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு.

நம் விடுதி நாள் விருந்தில் ஜூனியர்கள்தான் பரிமாற வேண்டும் என்பது எங்கள் காலத்துச் சட்டம். எனக்குக் கிடைத்தது சாம்பார் வாளி. முதல் வரிசையில் ஒரு இலைக்கு ஊற்றினேன். மூன்றாவது வரிசையில் ஒரு சீனியர் கையைத் தட்டினார், அங்கே ஓடினேன். ஐந்தாவது வரிசையில் இன்னொருவர் முறைத்தார், அங்கே ஓடினேன். சமையல் மாஸ்டர் என் சட்டையைப் பிடித்து நிறுத்தி, "தம்பி, வாளியைத் தூக்கினா ஒரு வரிசையை முடிச்சிட்டுத்தான் அடுத்த வரிசை. நீ ஓடுறதைப் பாத்தா வேலை நிறைய நடக்கற மாதிரி இருக்கு, ஆனா இலையில சாம்பார் இல்ல" என்றார். அவர் சொன்னது பெரிய கம்ப்யூட்டர் சாத்திரம் என்று அன்று எனக்குத் தெரியாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 'ஆர்' என்று ஒரு கணிப்பொறி மொழி. மாணவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்றேன். 1976-ல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் சேம்பர்ஸும் அவருடைய சகாக்களும் புள்ளிவிவரத்துக்கென்றே 'எஸ்' என்ற மொழியைத் தொடங்கினார்கள். அந்த வழியில், 1990-களின் தொடக்கத்தில், நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு ஆசிரியர்கள் உருவாக்கியது 'ஆர்'. இரண்டு பேர் பெயரும் அந்த எழுத்தில்தான் ஆரம்பிக்கிறது. 1995 முதல் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்று கொடுத்துவிட்டார்கள். அதன் 1.0.0 பதிப்பு வந்தது 2000 பிப்ரவரி 29-ஆம் தேதி. நான் இதைத் தொட்டது அதற்கும் சில வருடம் கழித்துத்தான்.

2009-ல் எங்கள் குழுவுக்கு ஒரு வேலை வந்தது. ஒரு ஆற்றை ஒட்டிய 300 குடிநீர்க் கிணறுகள். பதினைந்து வருடத்தில் எடுத்த 12,000 தண்ணீர் மாதிரிகள். ஒவ்வொரு மாதிரியிலும் உப்பு, கடினத்தன்மை, ஃப்ளூரைடு, நைட்ரேட் என்று 40 அளவுகள். அதாவது 12,000 வரிசை, 40 பத்தி கொண்ட ஒரு மேட்ரிக்ஸ். இன்றைய கணக்கில் அது பெரிய மேட்ரிக்ஸே அல்ல. ஆனால் எங்கள் கையில் அது பெரிதாகிவிட்டது. கேள்வி இதுதான்: ஆற்றின் கீழ்ப்பகுதிக் கிணறுகளின் தண்ணீர், மேல்பகுதிக் கிணறுகளைவிட இயல்பிலிருந்து அதிகம் விலகியிருக்கிறதா?

விலகலை அளக்க நாங்கள் எடுத்துக்கொண்டது மகலனோபிஸ் தூரம். பி.சி. மகலனோபிஸ் 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கியவர். இந்தத் தூரத்தைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1936-ல் வந்தது. கருத்து சுலபமானது. தண்ணீரில் உப்பு ஏறினால் குளோரைடும் கூடவே ஏறும். இரண்டும் ஏறியிருக்கிறது என்று இரண்டு அதிசயமாக எண்ணக்கூடாது. அது ஒரே அதிசயம். எந்த அளவு எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்பதைச் சொல்லும் 40-க்கு 40 கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸைப் போட்டு, அதன் இன்வெர்ஸைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு மாதிரியும் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் என்று அதை வைத்து அளப்போம்.

அடுத்தது குலுக்கல். கீழ்க்கிணறுகளின் சராசரித் தூரம் அதிகமாக இருக்கிறது, சரி. ஆனால் அது தற்செயலா? 'மேல்', 'கீழ்' என்ற சீட்டுகளைக் கிணறுகளுக்குள் குலுக்கிப் போட்டு மறுபடி கணக்குப் போடுவது. ஒரு கிணற்றின் மாதிரிகள் எல்லாம் ஒன்றாகவே போக வேண்டும், பிரியக்கூடாது. அப்படிப் பல முறை குலுக்கி, வெறும் குலுக்கலிலேயே இவ்வளவு வித்தியாசம் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுவது. அபூர்வமாகத்தான் வருகிறது என்றால் நம் வித்தியாசம் நிஜம் என்று ஓரளவு நம்பலாம்.

நான் புரோகிராம் எழுதினேன். ஒரு குலுக்கலுக்கு ஆறு நிமிடம் பிடித்தது. 99 குலுக்கலுக்குக் கிட்டத்தட்ட பத்து மணி நேரம். ராத்திரி எட்டு மணிக்கு ஓடவிட்டு வீட்டுக்குப் போனால் காலை ஆறு மணிக்கு விடை தயார். எவ்வளவு வசதி! 99 என்ற எண்ணை நான் எந்தப் புத்தகத்தையும் பார்த்து முடிவு செய்யவில்லை. ராத்திரியின் நீளம் அதை முடிவு செய்தது. இதைத்தான் மாணவர்கள் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

99 குலுக்கலில் மூன்று மட்டுமே நிஜ வித்தியாசத்தை எட்டின. நிஜத்தையும் சேர்த்து 100-க்கு 4. அதாவது 0.04. எல்லோரும் கும்பிடும் 0.05-க்குக் கீழே. "குறிப்பிடத்தக்க வித்தியாசம் உள்ளது" என்று அறிக்கை எழுதிக் கொடுத்தோம். அதை வைத்து, கீழ்ப்பகுதியில் 11 கிணறுகளின் குடிநீர் இணைப்பை நிறுத்திவைத்தார்கள்.

ஆறு வாரம் கழித்து, வேறொரு மாதிரி எடுக்க அந்தப் பக்கம் போனேன். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்றாகக் குடம் சுமந்து ஒரு பாட்டி வந்துகொண்டிருந்தார். தூரத்து ஊர்க் கிணற்றிலிருந்து. எங்கள் பெட்டியைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "ஏந் தம்பி, எங்க கெணத்துல அப்படி என்னதான் கண்டீங்க?" என்று கேட்டார். நான், "கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தோம் பாட்டி, வித்தியாசம் காட்டுது" என்றேன். அவர் சண்டை போடவில்லை. "நல்லாப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டார்.

"பார்த்தோம்" என்று என்னால் சொல்ல முடியவில்லை, நண்பர்களே. ஏன் என்று சொல்கிறேன். 99 குலுக்கலில் கிடைத்த 0.04-க்குப் பின்னால், கூடவோ குறையவோ இன்னொரு 0.04 ஒட்டிக்கொண்டிருக்கிறது. உண்மையான விடை பூஜ்யத்தை ஒட்டியும் இருக்கலாம், 0.08 ஆகவும் இருக்கலாம். எனக்கு இது தெரியாததல்ல. நம் துறையில் இரண்டாம் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்ததுதான். குறைந்தது 9,999 குலுக்கலாவது போட்டிருக்க வேண்டும். ஆனால் ஆறு நிமிட வேகத்தில் அதற்கு 41 நாளுக்கு மேல் ஆகும். சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் விரதமே இருந்துவிடலாம்! அதனால், போட வேண்டியதைப் போடாமல் போட முடிந்ததைப் போட்டோம்.

ஊரிலிருந்து திரும்பியதும் எனக்குத் தோன்றியது, வழக்கமாக எல்லோருக்கும் தோன்றுவதுதான்: "ஆர் மெதுவான மொழி. நல்ல கம்ப்யூட்டர் வாங்கணும்." எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். அவர், "வாங்கலாம் வாங்கலாம். முதல்ல நேரம் எங்க போகுதுன்னு பாத்தியா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. ஆர் மொழியிலேயே 'ஆர்-ப்ராஃப்' என்று ஒரு வசதி இருக்கிறது. புரோகிராம் ஓடும்போது அடிக்கடி எட்டிப்பார்த்து, இப்போது எந்த வேலை நடக்கிறது என்று குறித்துக்கொண்டே வரும். மெஸ் கணக்கு நோட்டு மாதிரி. அதை ஓட்டிப் பார்த்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பத்தில் ஒன்பது பங்கு நேரம் போனது தூரத்தை அளப்பதில் அல்ல. கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸைப் போடுவதிலும் அதன் இன்வெர்ஸிலும்தான்.

நான் செய்திருந்த தப்பு இதுதான். 12,000 மாதிரிகளையும் ஒவ்வொன்றாக எடுக்கும் லூப் ஒன்று. அந்த லூப்புக்குள்ளேயே கோவேரியன்ஸ் போடும் வரியையும் இன்வெர்ஸ் எடுக்கும் வரியையும் எழுதியிருந்தேன். எழுதும்போது இயல்பாகத்தான் தெரிந்தது: 'மாதிரியை எடு, மேட்ரிக்ஸைப் போடு, தூரத்தை அள.' ஆனால் அந்த மேட்ரிக்ஸ் எல்லா மாதிரிகளுக்கும் பொது. ஒரு தடவை போட்டால் போதும். பந்தியில் ஒவ்வொரு இலைக்கும் புதுசாக சாம்பார்ப் பொடி அரைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு குலுக்கலுக்கு 12,000 தடவை. 99 குலுக்கலுக்கு 11,88,000 தடவை. அத்தனை தடவையும் ஒரே விடை!

அந்த இரண்டு வரியையும் வெட்டி லூப்புக்கு மேலே ஒட்டினேன். ஆறு நிமிடம், 40 நொடிக்கு இறங்கியது. புது கம்ப்யூட்டர் வாங்கியிருந்தால் பாதியாகக் குறைந்திருக்கும். அதோடு தப்பும் அப்படியே இருந்திருக்கும்.

மறுபடி நோட்டைப் பார்த்தேன். இப்போது நேரத்தைத் தின்றது வேறொன்று. ஒவ்வொரு விடை வந்ததும் அதைப் பழைய விடைகளுக்குக் கீழே 'ஆர்-பைண்ட்' போட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டுவது என்றால் கம்ப்யூட்டர் என்ன செய்யும் தெரியுமா? பழையது இருக்கும் இடத்தில் இன்னொன்றுக்கு இடமில்லை. அதனால் கொஞ்சம் பெரிய புது இடம் பார்த்து, பழையது எல்லாவற்றையும் அங்கே நகல் எடுத்து, கடைசியில் புதியதை வைக்கும். ஒரு விருந்தாளி புதுசாக வந்தால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பந்தி முழுவதையும் இலையோடு எழுப்பி வேறு மண்டபத்துக்குக் கூட்டிப்போவது போல! 12,000 வரை இப்படிச் செய்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போய், ஏறத்தாழ 7 கோடியே 20 லட்சம் வரி நகல். வருகிறவர் 12,000 பேர் என்று முன்பே தெரியும். முதலிலேயே 12,000 இலை போட்டுவிட்டால் முடிந்தது. 2017-ல் வந்த ஆர் 3.4.0 முதல், ஒரு வெக்டரின் கடைசியில் எண்ணைச் சேர்த்தால் அதுவே கொஞ்சம் கூடுதல் இடம் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆனால் ஆர்-பைண்ட் போட்டு ஒட்டுகிறவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

கூடவே இன்னொன்று. என் தரவு 'டேட்டா ஃபிரேம்' என்ற அமைப்பில் இருந்தது. பெயர், தேதி, எண் என்று எல்லாவற்றையும் கலந்து வைக்க அது அருமையான அமைப்பு. ஆனால் அதிலிருந்து ஒரு வரிசையை உருவ, 40 பத்தியிலும் தனித்தனியாகக் கைவிட்டுத் துழாவ வேண்டும். எல்லாமே எண்தான் என்றால் முதலிலேயே மேட்ரிக்ஸாக மாற்றிவிட வேண்டும். இந்த இரண்டையும் திருத்தியதும் 40 நொடி, அரை நொடி ஆனது.

அடுத்தது மாணவர்கள் அடிக்கடி கேள்விப்படும் 'வெக்டரைசேஷன்'. ஆர் மொழியில் நீங்கள் ஒரு கூட்டல் எழுதினால், அது என்ன வகை எண், எந்தக் கூட்டல் என்றெல்லாம் விசாரித்த பிறகுதான் கூட்டும். ஒவ்வொரு இலைக்கும் சமையற்கட்டுக்குப் போய், "மாஸ்டர், ஒரு கரண்டி சாம்பார்" என்று கேட்டு வாங்கி வருவதற்குச் சமம். சாம்பார் ஊற்ற ஒரு நொடி, போய் வர ஒரு நிமிடம். வாளியோடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டால்? எங்கள் கணக்கில், சராசரி கழித்த மேட்ரிக்ஸை முழுசாக இன்வெர்ஸோடு ஒரே பெருக்கல். வந்ததை அதே மேட்ரிக்ஸோடு உறுப்புக்கு உறுப்பு பெருக்கி, 'ரோ-சம்ஸ்' போட்டு வரிசை வரிசையாகக் கூட்டினால் 12,000 தூரமும் ஒரே மூச்சில் வந்துவிடும். உள்ளே லூப் இல்லாமல் இல்லை. அது சி, ஃபார்ட்ரான் மொழியில் எழுதிய லூப். விசாரணை ஒரே ஒரு தடவைதான். அரை நொடி, கண் இமைக்கும் நேரமாயிற்று. 'அப்ளை' போட்டாலே வெக்டரைசேஷன் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. அப்ளைக்கு உள்ளேயும் ஆர் மொழியில் எழுதிய லூப்தான் ஓடுகிறது. புரோகிராம் படிக்க அழகாக இருக்கும். வேகத்துக்கு அது உத்தரவாதமில்லை.

சமையல் மாஸ்டர் சொன்ன வரிசைப் பாடமும் இங்கே உண்டு. ஆர் ஒரு மேட்ரிக்ஸை நினைவகத்தில் பத்தி பத்தியாக, மேலிருந்து கீழாக அடுக்கி வைக்கிறது. ஃபார்ட்ரான் வழி அது. 10,000-க்கு 10,000 மேட்ரிக்ஸ் என்றால் ஒவ்வொரு எண்ணுக்கும் 8 பைட் வீதம் 800 மெகாபைட். அதில் வரிசை வழியாகப் போனால் ஒவ்வொரு அடிக்கும் 80,000 பைட் தாண்ட வேண்டும். பிராசஸரோ ஒரு எண் கேட்டால் பக்கத்து எண்களையும் சேர்த்து, பொதுவாக 64 பைட், அதாவது எட்டு எண்ணாக அள்ளிக்கொண்டு வரும். பத்தி வழியாகப் போகிறவருக்கு எட்டும் உபயோகம். வரிசை வழியாகத் தாவுகிறவர் ஒன்றை எடுத்துக்கொண்டு ஏழை வீணடிக்கிறார். இரண்டு லூப்பில் எது உள்ளே, எது வெளியே என்று மாற்றி எழுதினாலே சில சமயம் நேரம் நன்றாகக் குறைவது இதனால்தான். வாளியைத் தூக்கினால் ஒரு வரிசையை முடி என்றார் அல்லவா? ஆர் மொழிக்கு அது ஒரு பத்தியை முடி.

இவ்வளவும் செய்துவிட்டு நான் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டிருந்தேன். எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பி.எஸ்சி. மாணவி, மூலையில் உட்கார்ந்து என் புரோகிராமைப் படித்துக்கொண்டிருந்தாள். தயங்கித் தயங்கி, "சார், ஒரு சந்தேகம். தப்பா நெனச்சுக்காதீங்க. குலுக்கும்போது சீட்டுதானே மாறுது? தண்ணி மாறலையே. அப்ப தூரத்தை ஏன் சார் ஒவ்வொரு குலுக்கலுக்கும் திரும்பப் போடறோம்?" என்றாள்.

அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸ் எல்லாக் கிணறுகளையும் சேர்த்துப் போட்டது. 'மேல்', 'கீழ்' என்று யாரை எப்படி அழைத்தாலும் அது மாறாது. தூரமும் மாறாது. 12,000 தூரத்தையும் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை போட்டால் போதும். குலுக்கலுக்குள் மிச்சம் இருப்பது இரண்டு சராசரிகளும் ஒரு கழித்தலும். நான் இரண்டு நாளாக எண்ணெய் போட்டு மெருகேற்றிய லூப், அந்த இடத்தில் இருக்கவே தேவையில்லாத லூப்!

9,999 குலுக்கலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. 41 நாள் வேலை.

விடை? 688 குலுக்கல்கள் நிஜ வித்தியாசத்தை எட்டின. நிஜத்தையும் சேர்த்து 10,000-க்கு 689. ஏறத்தாழ 0.07. இந்தத் தடவை ஒட்டிக்கொண்டிருந்த சந்தேகம் 0.005 மட்டும்தான். 0.05 என்ற கோட்டைத் தாண்டிவிட்டது. இதற்கு 'வித்தியாசமே இல்லை' என்று அர்த்தம் இல்லை. 'வித்தியாசம் இருக்கிறது என்று அடித்துச் சொல்ல நம் கையில் ஆதாரம் போதாது' என்று அர்த்தம். ஆனால் நாங்கள் அடித்துச் சொல்லியிருந்தோமே!

இரண்டாவது கடிதம் எழுதுவது முதல் அறிக்கை எழுதுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. எங்கள் குழுவிலேயே சிலர், "0.04-க்கும் 0.07-க்கும் பெரிய தூரமா? விட்ருங்க" என்றார்கள். மூத்தவர் விடவில்லை. குழுக்களின் சராசரியை வைத்துத் தனிக் கிணற்றை மூடச் சொன்னதே சரியல்ல. 11 கிணற்றையும் தனித்தனியாகப் பரிசோதித்துக் குடிநீர்த் தரத்தோடு ஒப்பிடுங்கள் என்று எழுதினோம். பரிசோதித்தார்கள். எட்டுக் கிணறுகள் திறந்தன. மூன்று மூடியே இருந்தன. அவற்றில் நிஜமாகவே ஃப்ளூரைடு அதிகம். அந்தப் பாட்டியின் கிணறு எட்டில் ஒன்றா, மூன்றில் ஒன்றா என்று நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எட்டில் ஒன்று. அடுத்த முறை போனபோது அவரிடம், "இப்ப நல்லாப் பாத்தோம் பாட்டி" என்று சொன்னேன். "அதை மொதல்லயே பாக்கறதுக்கென்ன?" என்றார்.

மாணவர்களுக்கு நடைமுறை எச்சரிக்கைகள் சில சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு மணி அடிக்கப்போகிறது என்பது தெரியும்.

முதலாவது, வேகப்படுத்தும்போது பழைய மெதுவான புரோகிராமை அழித்துவிடாதீர்கள். சின்னத் தரவில் இரண்டையும் ஓட்டி, விடை ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். குலுக்கல் இருந்தால் 'செட்.சீட்' போட்டு ஒரே குலுக்கலாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டும் வரிசை மாறினால் கடைசித் தசம இலக்கம் மாறும், அது தப்பில்லை. அதனால் அட்சரம் பிசகாமல் ஒன்றா என்று பார்க்காமல் 'ஆல்.ஈக்வல்' போட்டுப் பாருங்கள். தப்பான விடை சீக்கிரமாக வருவதில் யாருக்கும் லாபம் இல்லை.

இரண்டாவது, லூப் ஒரு பாவம் அல்ல. ஆர் 3.4.0 முதல் லூப்களை மொழியே பைட்கோடாக மாற்றி ஓட்டுவதால் சாதாரண லூப்பும் முன்பைவிட வேகம்தான். இன்றைய அணை நீர்மட்டம் நேற்றைய மட்டத்தைப் பொறுத்தது என்பது போன்ற கணக்குகளில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும். அங்கே லூப்பை லூப்பாகவே எழுதுங்கள். அதுவும் மெதுவாக இருந்தால் அந்தச் சின்னப் பகுதியை மட்டும் 'ஆர்சிபிபி' வழியாக சி-பிளஸ்-பிளஸ்ஸில் எழுதுங்கள்.

மூன்றாவது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்கிறேன் என்று நினைவகத்தை நிரப்பிவிடாதீர்கள். 800 மெகாபைட் மேட்ரிக்ஸ் மேல் கணக்குப் போடும்போது இடையில் இன்னும் இரண்டு நகல் உண்டானால் 2.4 கிகாபைட். இடம் போதாமல் டிஸ்க்குக்குப் போய்விட்டால் மாட்டு வண்டி வேகம்தான். ஆயிரம் ஆயிரம் பத்தியாகப் பிரித்துச் செய்யுங்கள். பந்தியையும் இரண்டு மூன்று தவணையாகத்தானே போடுகிறோம்?

நான்காவது, ஜீன் ஆம்டால் 1967-ல் எடுத்துக்காட்டிய கணக்கு. புரோகிராமின் 90 சதவீத நேரத்தைப் பூஜ்யமாகவே ஆக்கினாலும் மொத்த வேகம் பத்து மடங்குக்கு மேல் போகாது. மீதிப் பத்து சதவீதம் அப்படியே நிற்கும். ஆகவே ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் திரும்ப அளந்து பாருங்கள். நேற்று தடையாக இருந்தது இன்று இருக்காது.

கடைசியாக ஒன்று. மகலனோபிஸ் தன் தூரத்தை எழுதிய 1936-ல் இன்றைய கம்ப்யூட்டர் கிடையாது. மனிதர்கள் உட்கார்ந்து, மேஜைக் கணக்கு எந்திரத்தில் தட்டித் தட்டிப் போட்ட காலம். அவர்களில் ஒருவரிடம் போய், நேற்றுப் போட்ட அதே இன்வெர்ஸை இன்றைக்கும் போடுங்கள், நாளைக்கும் போடுங்கள் என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? இரண்டாவது தடவையே, "ஐயா, இதை நேத்தே போட்டாச்சே!" என்று முணுமுணுத்திருப்பார். அந்த முணுமுணுப்பில் ஒரு அறிவு இருக்கிறது. கம்ப்யூட்டரிடம் எல்லாம் இருக்கிறது, அது மட்டும் இல்லை. 11,88,000 தடவை ஒரே கணக்கைப் போடச் சொன்னாலும் வாயைத் திறக்காமல் போடும். நாமோ அது உழைக்கிறது என்று நினைத்து, காத்திருக்கப் பழகி, கடைசியில் கேட்க வேண்டிய கேள்வியையே சுருக்கிக்கொள்கிறோம்.

அதனால் மாணவர்களே, உங்கள் புரோகிராம் மெதுவாக ஓடினால், காத்திருக்கும் நேரத்தில் டீ குடிக்கப் போகாதீர்கள். அதற்குப் பதிலாக நீங்கள் முணுமுணுங்கள். "இதை ஏன் திரும்பச் செய்கிறோம்?" என்று கேளுங்கள். பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூலையில் உட்கார்ந்திருக்கும் பயிற்சி மாணவி "ஒரு சந்தேகம் சார்" என்று எழுந்தால், காலரை இறக்கிவிட்டுக்கொண்டு கேளுங்கள்.

பந்தி தயார் என்று செயலாளர் சைகை காட்டுகிறார். இன்றைக்கும் ஜூனியர்கள்தான் பரிமாறுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தம்பிகளே, தங்கைகளே, வரிசையாக வாருங்கள்.